நாற்பதைக் கடந்தபின் ஒரு கம்பு

உங்கள் இல்லத்து ஆண்களைச் சற்றே நினைத்துப் பாருங்கள். நாற்பது வயதைக் கடந்துவிட்ட உங்கள் அத்தாவோ, கணவரோ, அண்ணனோ கடைசியாக எப்போது ஓடினார்? புறப்பட்டுவிட்ட பேருந்தைப் பிடிக்க ஓடியதைக் கேட்கவில்லை. வியர்வை வழிய, நான்கு பேரோடு சேர்ந்து, சிரித்துக்கொண்டே ஓடியாடிய நாள் எது? பலருக்கு அது பள்ளிக்கூடத்து நாள்களோடு முடிந்துபோயிருக்கும். அதன் பின்னர் கடை, பள்ளிவாசல், வீடு என்னும் மூன்று இடங்களுக்குள் வாழ்க்கை சுருங்கிவிடுகிறது. வயிறு மட்டுமே விரிகிறது!

நானும் அவ்வாறு இருந்தவன்தான். காலையில் சுப்ஹுக்குப் பின் மதரஸா, மாலையில் மஃரிபுக்குப் பின் மதரஸா. இரண்டு வேளையும் பாயில் உட்கார்ந்தே பணி. நாற்பத்து நான்காம் வயதில் இரத்தப் பரிசோதனை செய்தபோது சர்க்கரை எட்டிப் பார்த்துவிட்டது தெரிந்தது. மருத்துவர் மாத்திரை எழுதினார். நாள்தோறும் நடக்கவும் சொன்னார். பன்னிரண்டு நாள் நடந்தேன். பதின்மூன்றாம் நாள் மழை. பதினான்காம் நாள் ஒரு திருமணம். அதன்பின் நடக்கவேயில்லை. தனியாக நடப்பவனை ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்?

எங்கள் ஊரின் பழைய பள்ளிக்கூடத்து மைதானத்தில் வாரத்தில் மூன்று நாள், அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தில், சிலம்பம் கற்பிக்கிறார்கள். ஆசான் மரவேலை செய்யும் பெரியவர், மாற்றுமதச் சகோதரர். என் மதரஸாவில் ஓதும் பிள்ளைகளில் நால்வர் அங்கே போவது எனக்குத் தெரியும். ஒருநாள் அவ்வழியே வந்தபோது, நாற்பது வயது மதிக்கத்தக்க தேநீர்க்கடைக்காரர் ஒருவர் சிறுவர்களுக்கு நடுவே நின்று தட்டுத்தடுமாறிக் கம்பு சுழற்றிக்கொண்டிருந்ததைக் கண்டேன். அவர் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. அவருக்கு வராத வெட்கம் எனக்கு ஏன் வரவேண்டும் என்று எண்ணியபடியே வீடு வந்து சேர்ந்தேன்.

வீட்டிலும் வெளியிலும்

என் எண்ணத்தைச் சொன்னதும் துணைவியார் கேட்ட முதற்கேள்வி, "விழுந்து கையை ஒடித்துக்கொண்டால் மதரஸாவுக்கு யார் போவது?" என்பது. நியாயமான கேள்விதான். ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர், "ஹஜ்ரத், இந்த வயதில் இது தேவைதானா? பிள்ளைகள் சிரிக்க மாட்டார்களா?" என்றார். அதுவும் நியாயமே. ஆனால் என்னை உண்மையில் தடுத்து நிறுத்தியது வேறொன்று. வகுப்புத் தொடங்கும்போது மாணவர்கள் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். ஆசானின் காலைத் தொடுவார்கள். சிரம் தாழ்த்துவது அல்லாஹ் ஒருவனுக்கே என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நான் அங்கே என்ன செய்வேன்?

வாசகர்களே, இப்படிப்பட்ட ஐயம் எழும்போது நம்மில் பலர் செய்வது என்ன? கேட்காமலேயே விலகிவிடுகிறோம், அல்லது சொல்லாமலேயே ஒப்புக்கு எதையாவது செய்துவிட்டுப் பிறகு மனம் புழுங்குகிறோம். இரண்டுமே தேவையில்லை. ஒருநாள் முன்னதாகவே சென்று ஆசானைத் தனியே சந்தித்து என் நிலையை எடுத்துரைத்தேன். அவர் சிரித்தார். "அதற்கென்ன பாய்! மரியாதை மனத்தில் இருந்தால் போதும். உங்கள் முறைப்படி வாழ்த்துச் சொல்லிவிட்டு நில்லுங்கள். நம் ஆட்டத்தில் சலாம் வரிசை என்றே ஒன்று உண்டே!" என்றார். ஆட்டம் தொடங்குமுன் எதிரே நிற்பவருக்கும் அவைக்கும் மரியாதை செலுத்தும் அசைவுகளைத்தான் சலாம் வரிசை என்றும் சலாவரிசை என்றும் சிலம்பக்காரர்கள் சொல்கிறார்கள். நான் ஒரு வாரமாகச் சுமந்த கவலையை அவர் அரை நிமிடத்தில் இறக்கி வைத்துவிட்டார்.

சிலம்பம் நமக்குப் புதிய கலையுமன்று. நம் முஸ்லிம் ஊர்கள் பலவற்றில் திருமண ஊர்வலங்களில் மாப்பிள்ளைக்கு முன்னே கம்பு சுழன்ற காலத்தை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். இலங்கையின் கிழக்குக் கரை முஸ்லிம்களிடையே சீனடி என்னும் தற்காப்புக் கலையும், பொல்லடி என்னும் கோலாட்டமும் வழிவழியாக உள்ளன. மலபார் மாப்பிள்ளைமாரின் கோல்களியும் இத்தகையதே. அண்மைக் காலத்தில் அரசும் சிலம்பத்திற்கு இடமளித்துள்ளது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது.

மார்க்கத்தின் பார்வையில்

உடற்பயிற்சியை வீண்பொழுது என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். பலமுள்ள நம்பிக்கையாளர் பலவீனமான நம்பிக்கையாளரைவிட அல்லாஹ்வுக்கு அதிக விருப்பமானவர் என்றும், இருவரிடமும் நன்மை உண்டு என்றும் அவர்கள் கூறியதை இமாம் முஸ்லிம் பதிவு செய்துள்ளார்கள். பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களிடம், உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்று அண்ணலார் நினைவூட்டிய செய்தி புகாரியில் உள்ளது. வணக்கத்தில் மூழ்கியிருந்தவருக்கே அந்த அறிவுரை என்றால், வியாபாரத்தில் மூழ்கியிருக்கும் நமக்கு எவ்வளவு பொருந்தும்!

மஸ்ஜிதுந் நபவியில் அபிசீனியர்கள் ஈட்டி கொண்டு விளையாடியபோது அண்ணலார் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தாமாகச் சலிக்கும்வரை அதைப் பார்த்து மகிழத் துணைநின்றார்கள்.

இன்னொரு நிகழ்ச்சி என் உள்ளத்தை மிகவும் தொடுவது. அஸ்லம் குலத்தார் அம்பெய்து போட்டியிட்டுக்கொண்டிருந்த இடத்திற்கு அண்ணலார் வந்தார்கள். அவர்களை ஊக்கப்படுத்திவிட்டு, தாம் ஓர் அணியோடு இருப்பதாகக் கூறினார்கள். உடனே மறு அணியினர் அம்பெய்வதை நிறுத்திவிட்டனர். தாங்கள் இருக்கும் அணிக்கு எதிராக எவ்வாறு எய்வோம் என்று கேட்டனர். அப்போது அண்ணலார், தாம் அனைவரோடும் இருப்பதாகக் கூறி எய்யச் சொன்னார்கள். போட்டியும் தொடர்ந்தது, எவர் மனமும் நோகவில்லை. விளையாட்டு என்பது எதிரிகளை உண்டாக்குவதற்கன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அதே நேரத்தில் எல்லைகளும் உண்டு. சண்டையிட நேர்ந்தாலும் முகத்தில் அடிக்கலாகாது என்பது நபிமொழி. சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டலாகாது. விளையாட்டுக்காகவும் பிறரை அச்சுறுத்தலாகாது. மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவன் வீரனல்லன், சினம் வரும்போது தன்னை அடக்கிக்கொள்பவனே வீரன் என்ற கருத்தில் அண்ணலார் கூறியதைக் கற்கும் ஒவ்வொருவரும் நெஞ்சில் நிறுத்த வேண்டும். தெருச் சண்டைக்குப் பயிற்சி எடுக்க வருபவனை நல்ல ஆசான் எவரும் சேர்த்துக்கொள்வதில்லை.

காலடியே முதற்பாடம்

கம்பு கையில் வந்தவுடன் சுழற்றத் தொடங்கிவிடலாம் என்றெண்ணி நான் சென்றேன். மூன்று வாரம் வரையில் கம்பே தரப்படவில்லை! வெறுங்கையோடு காலடி. வலம், இடம், முன், பின், பாதி வட்டம், முழு வட்டம். உடலின் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுவதுதான் சிலம்பத்தின் அடித்தளம். கால் பிழைத்தால் கை பிழைக்கும். ஐந்து வேளையும் ருகூவும் சுஜூதும் செய்யும் எனக்குக் குனிந்து நிமிர்வது கடினமாக இல்லை. ஆனால் காலை மாற்றி உடலைத் திருப்புகையில் நான் இரண்டு முறை மண்ணில் அமர்ந்துவிட்டேன். எவரும் சிரிக்கவில்லை, நான்தான் சிரித்தேன்.

முதல் நாளின் மறுநாளைவிட அதற்கடுத்த நாளே உடல் அதிகம் வலித்தது. தொடையைத் தொட முடியவில்லை. பழக்கமில்லாத தசைகளுக்கு வேலை கொடுத்தால் இவ்வலி வருவது இயல்பு. ஓரிரு நாள் கூடி, பின்னர் தானே தணியும் என்று மருத்துவர் விளக்கினார். இது தெரியாமல் பலர் முதல் வாரத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

நான்காம் வாரம் ஆசான் என் கையில் கம்பைத் தந்தார். நிமிர்ந்து நின்றால் நெற்றியை எட்டும் உயரம். தேர்ந்தவர்கள் மூங்கிற்கம்பைப் பிடிக்கிறார்கள். தொடக்கக்காரனான எனக்குக் கிடைத்தது பிரம்பு. மூங்கில் பிளந்தால் சிராய் கையைக் கிழித்துவிடும். பிரம்பு அவ்வாறு எளிதில் பிளக்காது என்றார். மணிக்கட்டைத் தளர்த்தி முன்வீச்சு, பின்வீச்சு. என் கம்பு என் முழங்கையையும், முழங்காலையும், ஒருமுறை என் காதையும் பதம் பார்த்தது. சிலம்பத்தில் தொடக்கக்காரனின் முதல் எதிராளி அவனே என்பதை அப்போது உணர்ந்தேன்.

ஒரு சிறுவன் கற்பித்தது

இதைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிப்பேனாயின் நான் உண்மையை மறைத்தவனாவேன்.

என் மதரஸாவில் ஓதும் பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ‘ளாத்’ என்னும் எழுத்து நாவில் வராது. அரபு எழுத்துகளில் உச்சரிக்கக் கடினமானவற்றுள் அதுவும் ஒன்று. நான் பலமுறை சொல்லிக் கொடுத்தேன். இரண்டாம் முறை பொறுமையோடு. மூன்றாம் முறை குரலை உயர்த்தி. அதன் பின்னர் என் பக்கத்தில் இருந்த பிரம்பு பேசும். பெரிய அடி இல்லை, ஆனால் அடிதான். எங்கள் உஸ்தாதுகள் எங்களை அடித்தார்கள். நாங்கள் ஓதக் கற்றோம். ஆகவே நானும் அடிக்கிறேன் என்பதே என் கணக்கு. அதனை மீண்டும் எண்ணிப் பார்த்தவனல்லேன்.

அந்தச் சிறுவன் சிலம்ப மைதானத்தில் எனக்கு இரண்டாண்டு மூத்த மாணவன். ஒருநாள் ஆசான் அவனை அழைத்து, "பாய்க்கு அரைவட்டக் காலடியைச் சொல்லிக்கொடு" என்று கூறிவிட்டு அப்பால் போய்விட்டார். அவன் தயங்கினான், நானும் தயங்கினேன். பின்னர் அவன் என் முன்னே நின்று காட்டினான். நான் செய்தேன், பிழை. "ஹஜ்ரத், வலது கால் இல்லை, இடது கால்" என்றான். மீண்டும் செய்தேன், மீண்டும் பிழை. "ஹஜ்ரத், வலது கால் இல்லை, இடது கால்." மூன்றாம் முறை, நான்காம் முறை. முதல் முறை எந்தக் குரலில் சொன்னானோ, நான்காம் முறையும் அதே குரலில் சொன்னான். குரல் உயரவில்லை, முகம் மாறவில்லை. அவன் கையில் கம்பு இருந்தது. அதை நான் கவனித்தேன். அவன் அதைத் தரையில் ஊன்றிப் பிடித்தபடி என் காலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இந்தப் பொறுமையை அவன் எங்கே கற்றான்? என்னிடம் கற்றிருக்க முடியாது. அந்த மரவேலைக்காரப் பெரியவரிடம் கற்றிருக்கிறான். அவர் கற்பிப்பது கம்பு. ஆனால் கற்பிப்பதற்காக அவர் கம்பை எவர் மீதும் ஓங்கியதே இல்லை. நான் கற்பிப்பது இறைமறை. என் பக்கத்தில் பிரம்பு! பத்தாண்டுகள் அண்ணலாருக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், ஒருமுறைகூடத் தம்மை நோக்கி ‘சீ’ என்ற சொல்லை அவர்கள் உரைத்ததில்லை என்று கூறியிருப்பதை நான் எத்தனை முறை மேடையில் பேசியிருக்கிறேன்!

மறுநாள் காலை மதரஸாவின் பிரம்பை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். பிள்ளைகள் பார்த்தார்கள், எதுவும் கேட்கவில்லை. அந்தச் சிறுவனை அருகழைத்து, "உனக்கு ளாத் வரவில்லை, எனக்கு இடது கால் வரவில்லை. இருவரும் பழகுவோம்" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அடித்ததற்காக அவனிடம் வருத்தம் தெரிவித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். மற்ற உஸ்தாதுகளும் இதைப் படிக்கக்கூடும் அல்லவா?

கற்பிப்பவராகவே பல்லாண்டுகள் வாழ்ந்துவிட்டவருக்குத் தெரியாமற்போவது ஒன்றுண்டு. தெரியாதவன் எவ்வாறு உணர்கிறான் என்பதே அது. ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் சட்டமேதைகளுள் ஒருவரான கஃப்ஃபால் அல்மர்வஸீ அவர்கள் பூட்டுச் செய்யும் தொழிலாளியாக இருந்தவர்; ஏறத்தாழ முப்பது வயதில்தான் மார்க்கக் கல்வியில் நுழைந்தவர். தம்மைவிட இளையோரோடு அமர்ந்து அரிச்சுவடியிலிருந்து தொடங்கிய அவர் எத்தனை முறை வெட்கத்தை விழுங்கியிருப்பார்!

உடலும் தோழமையும்

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும். குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். மிதமான உழைப்பு என்பதை அறிய எளிய வழி உண்டு. அப்போது பேச முடியும், பாட முடியாது. எங்கள் வகுப்பு வாரத்திற்கு மூன்று மணி நேரம். அதில் நிற்பதும் பார்ப்பதும் போக எஞ்சுவது பாதிக்குச் சற்றுக் கூடுதல். ஆகவே மைதானத்திற்கு நடந்தே சென்று நடந்தே திரும்புகிறேன்.

தசைகள் உழைக்கும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. நீரிழிவு உள்ளவர்களுக்கு உடலுழைப்பை மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனாலேயே. ஓராண்டுக்குப் பின் என் மாத்திரை நின்றுவிடவில்லை. மிகைப்படுத்திச் சொல்ல மாட்டேன். ஆனால் அளவு கூட்டப்படவும் இல்லை. பள்ளிவாசல் மாடிப்படியை மூச்சு வாங்காமல் ஏறுகிறேன். தொழுகையில் நிலைக்கு எழும்போது தரையில் கையூன்றுவது குறைந்துள்ளது. அல்ஹம்துலில்லாஹ்.

இவற்றைவிடப் பெரிதாக நான் கருதுவது தோழமையை. அந்தத் தேநீர்க்கடையின் முன்னே இருபது ஆண்டுகளாக நடந்து சென்றிருக்கிறேன். கடைக்காரரின் பெயர் எனக்குத் தெரியாது! இன்று அவர் என் இணை. நான் வீச, அவர் தடுப்பார். அவர் வீச, நான் தடுப்பேன். எதிரே நிற்பவரின் கம்பு எங்கே வருமென்று நம்பி நிற்பதற்கு ஒரு நெருக்கம் வேண்டும். அது பேச்சினால் வருவதன்று. காய்ச்சலால் நான் ஒரு வாரம் போகாமலிருந்தபோது, மாலையில் கடையை மகனிடம் விட்டுவிட்டு வீடு தேடி வந்தார். திண்ணையில் அமர்ந்து, "நீங்கள் வராமல் நான் சின்னப் பையன்களிடம் அடி வாங்குகிறேன்" என்றார். பன்னிரண்டு நாளில் என் நடைப்பயிற்சி ஏன் நின்றது, சிலம்பம் ஏன் ஓராண்டு கடந்தும் தொடர்கிறது என்பதன் மறுமொழி அந்தத் திண்ணையில் இருந்தது.

ரமளானில் என்னையும் என் மாணவர்களையும் முன்னிட்டு வகுப்பைச் சற்று முன்னதாக முடித்தார் ஆசான். வெயிலில் காலடி மட்டும், கம்பு இல்லை. பெருநாளன்று எங்கள் வீட்டுப் பிரியாணி மைதானத்திற்குப் போயிற்று. ஒருவரையொருவர் ஐயத்தோடு பார்க்கக் கற்பிக்கப்படும் இக்காலத்தில், கையில் கம்போடு எதிரெதிரே நின்று அச்சமின்றிச் சிரிக்கும் ஓர் இடம் ஊருக்கு ஒன்றாவது வேண்டும்.

பெண்மக்களுக்கு

‘இது ஆண்களுக்கு மட்டும்தானா?’ என்று சகோதரியர் கேட்கக்கூடும். அண்ணலார் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடினார்கள் என்பதை அபூதாவூத் பதிவு செய்துள்ளார்கள். எகிப்தின் ஹிதாயா மலாக் என்னும் பெண்மணி 2016 ரியோ ஒலிம்பிக்கில் தலைமறைப்போடு டேக்வாண்டோவில் வெண்கலப் பதக்கம் வென்றார். பதக்கம் நம் நோக்கமன்று. நம் வீட்டுப் பெண்களின் முழங்கால் வலிக்கும், சோர்வுக்கும், வெளியில் செல்கையில் ஏற்படும் அச்சத்திற்கும் உடலுறுதி துணை நிற்கும். பெண் பயிற்றுநர், தனி நேரம், மறைவான இடம் இவற்றை ஏற்பாடு செய்வது ஜமாஅத்துக்கு இயலாத செயலன்று. மதரஸாக் கட்டடங்கள் பிற்பகலில் பூட்டியே கிடக்கின்றன அல்லவா?

தொடங்குவோர் கவனத்திற்கு

சிலம்பம் கிடைக்காத ஊரில் கராத்தே, ஜூடோ, களரி, சிலாட் எதுவாயினும் கொள்ளலாம். ஆனால் சில செய்திகளை மறவாதீர்கள்.

முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். இதயநோய், இரத்த அழுத்தம், மூட்டுத் தேய்வு உடையோர் அவருடைய சொற்படியே தொடங்க வேண்டும். பயிற்சியின்போது நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ, மூச்சு முட்டினாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சி செய்யாதீர்கள். சர்க்கரை திடீரெனத் தாழலாம். மிட்டாயோ பேரீச்சம்பழமோ பையில் இருக்கட்டும். மண்ணில் வெறுங்காலோடு ஆடுவது சிலம்பத்தின் வழக்கம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் அதைப் பின்பற்றலாகாது. முள் குத்தியதே தெரியாது. காலணி அணிந்தே ஆடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைப் பாருங்கள். நான் காலணியோடுதான் ஆடுகிறேன்.

ஆசானைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் ஆடுவதை மட்டும் பார்க்காதீர்கள். அவருடைய மாணவர் பிழை செய்யும்போது அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். முழங்கால் மறையும் கால்சட்டை அணியுங்கள். கம்பில் வெடிப்பு உண்டா என்று ஒவ்வொரு நாளும் தடவிப் பாருங்கள். தெருவில் கம்பைச் செங்குத்தாகப் பிடித்துச் செல்லுங்கள். பிறர் மீது படலாகாது. தொழுகை நேரத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நேர்மையாகச் சொன்னால் மதிக்காதவர் அரியர்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தெரியாதவராக நிற்க வெட்கப்படாதீர்கள். நம் பிள்ளைகள் நம்மைத் தெரிந்தவர்களாகவே பார்த்து வளர்கிறார்கள். நாம் தடுமாறுவதையும், விழுந்து எழுவதையும், மறுநாள் மீண்டும் போவதையும் அவர்கள் ஒருமுறையேனும் பார்க்கட்டும். எத்தனை அறிவுரை சொன்னாலும் வராத துணிவு அதனால் வரும்.

அந்தச் சிறுவனின் நாவில் ‘ளாத்’ இன்னும் முழுமையாக வந்துவிடவில்லை. அரைவட்டத்தில் என் இடது காலும் சிலபோது மறந்துவிடுகிறது. அலமாரியின் மேல்தட்டில் உள்ள பிரம்பின் மீது தூசி படிந்துவிட்டது. வீட்டுத் திண்ணையில் சாய்த்து வைத்திருக்கும் பிரம்புக் கம்பில் மட்டும் தூசி இல்லை.

நமக்கும் நம் மக்களுக்கும் உடல்நலத்தையும், பொறுமையையும், நல்ல தோழமையையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.